கெட்டோ என்றால் சேரி அல்ல

கேள்வி: ஐரோப்பிய நகரங்களில் யூதர்கள் "கெட்டோ"வில் வாழ்ந்தார்கள் என்று படிக்கிறோம். அது ஏழைகளின் சேரியா, யூதர்கள் தாமாகவே கூடி வாழ்ந்த தெருவா, அல்லது ஹிட்லர் ஏற்படுத்திய முகாமா? இப்போது அந்த இடங்களில் என்ன மிச்சம் இருக்கிறது?

இந்தக் குழப்பம் கேட்டவருக்கு மட்டும் உரியதல்ல. நம் பத்திரிகைகளில் கெட்டோ என்ற சொல் வந்தாலே சேரி என்றோ குடிசைப்பகுதி என்றோ எழுதிவிடுகிறார்கள். சேரிக்குக் கதவு கிடையாது. கெட்டோவுக்குக் கதவு இருந்தது, பூட்டு இருந்தது, காவலாளி இருந்தான். அந்தக் காவலாளிக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் உள்ளே அடைபட்டிருந்தவர்கள். பெரிய வட்டிக்கடைக்காரராக இருந்தாலும் சரி, பழந்துணி விற்பவராக இருந்தாலும் சரி, இருட்டியதும் உள்ளே வந்துவிட வேண்டும். ஏழை, பணக்காரர் என்ற பேச்சே அங்கு இல்லை. யூதரா இல்லையா என்பதுதான் கணக்கு.

சரி, முதலில் கெட்டோவுக்கு முந்திய கதை. யூதர்கள் ஒரே தெருவில் சேர்ந்து வாழ்ந்தது பல நூற்றாண்டுப் பழக்கம்தான். ஓய்வுநாளில் வண்டி ஏறக்கூடாது, அதனால் தொழுகைக்கூடம் நடந்துபோகும் தூரத்தில் வேண்டும். கூட்டுத் தொழுகைக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். முறைப்படி அறுத்த இறைச்சி, சடங்குக் குளியலுக்குக் குளம், பிள்ளைகளுக்குப் பாடம் என்று எல்லாமே பக்கத்தில் இருந்தாக வேண்டும். 1084இல் ஜெர்மனியின் ஸ்பேயர் நகரத்து ஆயர் ருயுடிகர், யூதர்களைத் தன் ஊருக்கு அழைத்துக் குடியமர்த்தியபோது அவர்கள் பகுதியைச் சுற்றி மதிலும் கட்டிக்கொடுத்தார். கும்பல் புகுந்து தொல்லை கொடுக்காமல் இருக்க அது ஒரு சலுகை. ஆக, மதில் இருந்ததை மட்டும் வைத்து ஓர் இடத்தைக் கெட்டோ என்று சொல்லிவிட முடியாது. சாவி யார் கையில் என்று பார்க்க வேண்டும்.

அதற்கப்புறம் காலம் கெட்டது. 1215இல் நான்காம் லாத்தரன் திருச்சபை மன்றம், யூதர்கள் உடையிலேயே அடையாளம் தெரியும்படி நடமாட வேண்டும் என்றது. இங்கிலாந்து 1290இல் அவர்களை மொத்தமாக வெளியேற்றியது. பிரான்ஸ் துரத்தியது, மறுபடி கூப்பிட்டது, மறுபடி துரத்தியது. 1492இல் ஸ்பெயினின் முறை. மதம் மாறு, இல்லையென்றால் கிளம்பு. இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் வெனிஸ் 1516இல் செய்தது புரியும். அது யூதர்களைத் துரத்தவும் இல்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தது.

வெனிஸ் நகரத்துக்குள் யூதர்கள் நிரந்தரமாகக் குடியிருக்க அதுவரை பொதுவாக அனுமதி இல்லை. எதிர்க்கரையில் மெஸ்த்ரேயில் இருந்தபடி கடன் கொடுப்பார்கள். நகருக்குள் வந்தால் குறிப்பிட்ட சில நாள் தங்கலாம். 1509 மே மாதம் அஞ்ஞாதெல்லோ போரில் வெனிஸ் படை படுதோல்வி அடைந்தது. எதிரிப் படை முன்னேற முன்னேற, கிராமத்துக் குடியானவர்களோடு யூதர்களும் உயிர் தப்பி வெனிஸுக்குள் வந்து சேர்ந்தார்கள். போருக்குப் பணம் தேவை, நகரத்து ஏழைகளுக்கு அடகுக்கடை தேவை, ஆகவே அரசு கண்டும் காணாமல் இருந்தது. துறவிகளோ தவக்காலப் பிரசங்கங்களில், யூதர்களை உள்ளே விட்டதால்தான் கடவுள் நம்மைத் தோற்கடித்தார் என்று கொதித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஜக்காரியா தொல்ஃபின் என்ற பிரபு ஒரு யோசனை சொன்னார்: எல்லோரையும் ஒரு தீவில் வைத்துப் பூட்டிவிடலாம். அன்செல்மோ என்ற யூத வங்கியாளர் முறையிட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. 1516 மார்ச் 29ஆம் தேதி செனட் ஆணை பிறப்பித்தது. சுமார் 700 பேர் கன்னரேஜோ பகுதியின் ஒரு சிறு தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தத் தீவின் பெயர் கெட்டோ நுவோவோ. முன்பு அந்தப் பக்கத்தில் செம்பு உருக்கி வார்க்கும் அரசாங்கப் பட்டறை இருந்தது. வார்ப்பதற்கு வெனிஸ் மொழியில் வழங்கிய சொல்லில் இருந்து வந்த பெயர் "ஜெத்தோ". பட்டறை இடம் மாறிய பிறகும் பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. ஜெர்மன் பேசிய யூதர்கள் வாயில் "ஜெ" என்பது "கெ" ஆகியிருக்கலாம் என்பது மொழியறிஞர்கள் சிலரின் ஊகம். எபிரேயத்தில் மணமுறிவுப் பத்திரத்துக்கு "கெத்" என்று பெயர், அதிலிருந்து வந்தது என்றுகூடச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருந்தாலும், யூதர்கள் அங்கே போவதற்கு முன்பே ஆவணங்களில் அந்தப் பெயர் இருப்பதால் பட்டறைக் கணக்குத்தான் சரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "நுவோவோ" என்றால் புதியது, "வெக்கியோ" என்றால் பழையது. யூதர்கள் முதலில் அடைக்கப்பட்டது "புதிய" கெட்டோவில். "பழைய" கெட்டோ அவர்களுக்குக் கிடைத்தது 1541இல், துருக்கியப் பேரரசிலிருந்து வந்த யூத வணிகர்களுக்கு இடம் போதாதபோது. புதியது, பழையது என்பதெல்லாம் பட்டறையின் வயதை வைத்துச் சொன்னது. 1633இல் "மிகப் புதியது" என்ற பெயரில் இன்னொரு துண்டும் சேர்ந்தது. முதல் தடவை போகிறவர்கள் இதில் குழம்பாமல் திரும்பியதில்லை.

நாள் எப்படிப் போகும்? விடியற்காலையில் செயின்ட் மார்க் மணிக்கூண்டின் பெரிய மணி, மரங்கோனா, ஒலிக்கும். அது பட்டறைத் தொழிலாளர்களை வேலைக்குக் கூப்பிடும் மணி. அதைக் கேட்டுத்தான் கெட்டோவின் கதவுகளையும் திறப்பார்கள். பகலில் யூதர்கள் நகரமெங்கும் போகலாம், ஆனால் மஞ்சள் தொப்பி இருக்க வேண்டும். பின்னாளில் அது சிவப்பானது. பகலில் கிறிஸ்தவர்களும் தாராளமாக உள்ளே வந்தார்கள்: அடகு வைக்க, பழைய துணி வாங்க, வைத்தியரைப் பார்க்க, சில நேரம் பிரசங்கம் கேட்க. சூரியன் மறைந்து ஓரிரு மணி நேரத்தில் கதவு மூடும். தீவைச் சுற்றிக் காவல் படகு சுற்றும், அதற்கும் செலவு யூதர்களுடையதே. கால்வாய்ப் பக்கம் இருந்த வழிகளைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். இரவில் வெளியே போக விலக்குப் பெற்றவர்களில் முக்கியமானவர்கள் மருத்துவர்கள். வெனிஸ் பிரபுவுக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், வேறு மதத்துக்காரன் கை நாடி பிடிப்பது தீட்டாகத் தெரியாது அல்லவா?

வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லாம் கிறிஸ்தவர்கள். யூதர்கள் நிலம், வீடு வாங்க முடியாது. முன்பு அங்கே குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, புதிதாக வந்தவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வாடகை வாங்கிக்கொள்ள அரசே அனுமதித்தது. இந்த வாடகைச் சுரண்டலுக்கு யூதர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு தடுப்புக் கட்டினார்கள். ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்கு இன்னொரு யூதர் கூடுதல் வாடகை சொல்லி அவரைக் கிளப்பக்கூடாது என்ற பழைய மதச் சட்டம் அது. எபிரேயத்தில் "ஹசாகா", இத்தாலிய நாவில் "கசகா". நாளடைவில் இந்தக் குடியிருப்பு உரிமை சொத்தாகவே ஆயிற்று. தகப்பன் மகனுக்கு எழுதிவைப்பார், பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பார். ரோமில் போப்புகளே இதை ஒப்புக்கொண்டார்கள். சொந்தமாக ஒரு செங்கல்கூட வைத்துக்கொள்ளக்கூடாது என்ற சட்டத்துக்குள்ளேயே வாடகை வீட்டைச் சொத்தாக்கிக்கொண்ட சாமர்த்தியத்தை நான் வியந்து வியந்து படித்திருக்கிறேன்.

இடமோ விரியாது, ஆட்களோ கூடிக்கொண்டே போனார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஐந்தாயிரம் பேர்வரை இருந்ததாகக் கணக்கு. அகலத்தில் முடியாததை உயரத்தில் செய்தார்கள். மாடிமேல் மாடி, ஒரு மாடியைக் குறுக்கே வெட்டி இரண்டு மாடி என்று ஏழு, எட்டு அடுக்குவரை போயிற்று. கூரை தலையில் இடிக்கும். வெனிஸின் மற்றப் பகுதிகளில் இவ்வளவு உயரமான பழைய குடியிருப்புக் கட்டடங்களைப் பார்ப்பது அபூர்வம். தொழுகைக்கூடத்துக்கு மேல் வீடு இருப்பது சரியல்ல என்பதால் அவற்றை மேல்தளத்தில் வைத்தார்கள். 1528இல் ஜெர்மன் யூதர்களுடையது, 1532இல் கன்தோன் என்ற பெயருடையது, 1575இல் இத்தாலியர்களுடையது, அப்புறம் லெவன்ட்காரர்களுக்கு, அதாவது துருக்கியப் பேரரசிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று, ஸ்பெயினிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு ஒன்று என்று ஐந்து. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வரிசையாக ஐந்து சன்னல் தெரிந்தால் மேலே தொழுகைக்கூடம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். உள்ளே போனால் தங்கப்பூச்சும் மரவேலையும் கண்ணைப் பறிக்கும். அந்த மரவேலை கிறிஸ்தவத் தச்சர்களுடையது, ஏனென்றால் யூதர்களைக் கைவினைஞர் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை.

தொழில் மூன்றுதான் முக்கியம்: அடகு, பழந்துணி, வைத்தியம். லெவன்ட், ஸ்பானிய யூதர்கள் கடல் வணிகமும் செய்தார்கள். அடகுக்கடைகளுக்குச் சிவப்பு, பச்சை, கறுப்பு என்று பெயர். சிவப்புக் கடையின் பெயர்ப்பலகை இன்னும் இருக்கிறது. வங்கிக் கணக்கு கடனில் விழுவதை "சிவப்பில்" போவது என்று ஆங்கிலத்தில் சொல்லும் வழக்கு இங்கிருந்து வந்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் இல்லை. 1570களிலிருந்து ஏழைகளுக்கு ஐந்து சதவீத வட்டிக்குக் கடன் கொடுத்தாக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. அந்த வட்டியில் கடை நடத்தினால் நஷ்டம்தான். நஷ்டத்தை யூதச் சமூகம் மொத்தமாகச் சேர்ந்து தாங்க வேண்டும். அதாவது, இந்தக் கடைகள் நகரத்தின் ஏழைகளுக்கு யூதர்கள் கட்டிய இன்னொரு வரி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம், "கொந்தொத்தா", புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கும்போதெல்லாம் பேரம், பணம். 1737இல் சமூகமே திவாலாகிவிட்டது என்று அறிவிக்கும் நிலை வந்தது. "வட்டிக்கடை யூதன் கொழுத்தான்" என்ற சித்திரத்தோடு இந்தத் திவாலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு நெருக்கடிக்குள் அறிவு வாழ்க்கை எப்படி இருந்தது என்பது வேறு கதை. ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த கிறிஸ்தவ அச்சகக்காரர் தானியேல் பொம்பெர்க் 1520க்கும் 1523க்கும் இடையில் தல்மூத் என்ற யூத மதச் சட்ட நூல் முழுவதையும் முதன்முதலாக வெனிஸில் அச்சிட்டார். அவர் வகுத்த பக்க எண்களைத்தான் இன்றைக்கும் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். முப்பது ஆண்டு கழித்து, 1553இல், அதே ஊரின் செயின்ட் மார்க் சதுக்கத்தில் அதே தல்மூத்தைக் குவித்துக் கொளுத்தினார்கள். லெயோன் மோதெனா (1571–1648) என்ற ரப்பி, அதாவது யூத மதகுரு, அங்கே வாழ்ந்தவர். அவர் பிரசங்கத்தைக் கேட்கக் கிறிஸ்தவப் பாதிரிகளே கெட்டோவுக்குள் வருவார்கள். மனிதர் சூதாட்டத்தில் பணத்தைத் தொலைத்துத் தொலைத்து, வயிற்றுப்பாட்டுக்காகத் தான் செய்துபார்த்த 26 வேலைகளைத் தன் வரலாற்றில் பட்டியலே போட்டிருக்கிறார். சாரா கோப்பியோ சுல்லாம் என்ற கவிஞர் தன் வீட்டில் யூத, கிறிஸ்தவ எழுத்தாளர்களைக் கூட்டி வைத்துப் பேசியவர். ஆன்மா அழியாதது என்பதை அவர் மறுக்கிறார் என்று ஒரு பாதிரி 1621இல் குற்றம் சாட்டியபோது, அதே ஆண்டு அச்சில் பதிலடி கொடுத்தார்.

இதைப் படித்துவிட்டுச் சிலர், "கெட்டோ அடைத்து வைத்ததால்தானே யூதப் பண்பாடு கலையாமல் பிழைத்தது" என்று முடிவுக்கு வருவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இத்தாலியிலேயே லிவோர்னோ துறைமுகம் இருக்கிறது. 1593இல் அந்தப் பகுதியை ஆண்ட மெதிச்சி குடும்பத்துக் கோமகன் அங்கே வணிகர்களுக்குக் கொடுத்த உரிமைப் பத்திரத்தின்படி யூதர்கள் வீடு வாங்கலாம், கெட்டோ கிடையாது. ஆம்ஸ்டர்டாமிலும் கட்டாயக் கெட்டோ இருந்ததில்லை. 1675இல் அவர்கள் கட்டிய போர்ச்சுகீசியத் தொழுகைக்கூடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. மதில் இல்லாத இந்த ஊர்களிலும் அச்சகம், பள்ளி, வணிகம் எல்லாம் செழித்தன. மதில் செய்த வேலை கூட்டத்தை நெருக்கியது மட்டும்தான்.

ரோமின் கதை இன்னும் கடுமையானது. வெனிஸுக்குப் பணம் வேண்டியிருந்தது, ரோமுக்கு ஆன்மா வேண்டியிருந்தது. 1555 ஜூலை 14இல் போப் நான்காம் பால் வெளியிட்ட ஆணை "மிகவும் அபத்தமானது என்பதால்" என்ற பொருளுள்ள இலத்தீன் சொற்களோடு தொடங்குகிறது. தங்கள் குற்றத்தால் நிரந்தர அடிமைத்தனத்துக்கு ஆளானவர்கள் கிறிஸ்தவர்களுக்குச் சமமாக வாழ்வதுதான் அவர் கண்ட அபத்தம். அதன்படி போப்பின் ஆட்சிப் பகுதியில் யூதர்கள் ஒதுக்குப்புறத்தில் அடைபட வேண்டும். நிலம் இருந்தால் விற்றுவிட வேண்டும். புதுப்பொருள் வியாபாரம் கூடாது, பழந்துணி மட்டும். யூத மருத்துவர் கிறிஸ்தவரைத் தொட்டு வைத்தியம் பார்க்கக்கூடாது. ஏழைக் கிறிஸ்தவன்கூட யூதரை "ஐயா" என்று கூப்பிடக்கூடாது. இடமாகக் கொடுத்தது டைபர் ஆற்றங்கரையின் பள்ளமான பகுதி. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அதுதான். ஊருக்கு ஒரே தொழுகைக்கூடம் என்று சட்டம் இருந்ததால், ஐந்து வெவ்வேறு மரபினர் ஒரே கட்டடத்துக்குள் ஐந்து கூடங்களை வைத்துக்கொண்டார்கள். வெளியே ஒன்று, உள்ளே ஐந்து.

மதம் மாற்றுவதற்கென்றே அங்கு ஏற்பாடுகள் இருந்தன. ஓய்வுநாளில் யூதர்களைக் கூட்டிவைத்துக் கட்டாயமாகக் கிறிஸ்தவப் பிரசங்கம் கேட்க வைப்பார்கள். காதில் மெழுகு அடைத்துக்கொண்டு போனார்கள் என்று ரோம் யூதர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. மதம் மாறிய உறவினர் ஒருவர் "இவளும் மாறத் தயாராக இருக்கிறாள்" என்று கைகாட்டினால் போதும், இழுத்துப் போய்விடுவார்கள். 1749இல் அன்னா தெல் மொந்தே என்ற இளம்பெண்ணை அப்படிக் கொண்டுபோய் 13 நாள் அடைத்து வைத்து, பாதிரிகள் மாறி மாறிப் பேசிப் பார்த்தார்கள். அவள் மசியவில்லை, வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்ததை அவளே சொல்லி எழுதிய குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. திருவிழாக் காலத்தில் யூதர்களைத் தெருவில் ஓடவிட்டு மக்கள் கேலி செய்யும் பந்தயம் 1668வரை நடந்தது. அந்த ஆண்டு ஒரு போப் அதை நிறுத்தினார்; சும்மா இல்லை, அதற்குப் பதில் பணம் கட்டச் சொல்லி.

பழந்துணிக் கட்டுப்பாட்டின் இன்னொரு விளைவு, கிழிசல் தெரியாமல் தைப்பதில் ரோம் யூதப் பெண்கள் கைதேர்ந்தார்கள். மலிவாகக் கிடைத்த காய்கறியையும் மீனையும் எண்ணெயில் பொரித்து ஒரு சமையலே உருவாயிற்று. "யூதர் பாணி" அர்ட்டிசோக் என்று இன்று ரோம் உணவகங்கள் பெருமையோடு பரிமாறும், தாமரைபோல் விரித்துப் பொரித்த மொறுமொறு மொட்டுக்காய் அங்கிருந்து வந்ததுதான். விலை மட்டும் இப்போது பழந்துணிக்காரர் கட்டும் விலை இல்லை.

ஃபிராங்க்ஃபர்ட்டை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் அது வெனிஸுக்கு 54 ஆண்டு மூத்தது. கெட்டோ என்ற பெயர் மட்டும் அப்போது இல்லை. 1462இல் பேராலயத்துக்குப் பக்கத்தில் இருந்த யூதர்களை நகர மதிலோரம் ஒரு வளைந்த சந்துக்கு நகர்த்தினார்கள். அந்த யூதர் தெருவின் நீளம் சுமார் 330 மீட்டர், வாசல் மூன்று. தொடக்கத்தில் நூற்றுச் சொச்சம் பேர் இருந்த இடத்தில் 17ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ மூவாயிரம் பேர். 1614இல் வின்சென்ஸ் ஃபெட்மில்ஷ் என்ற ரொட்டிக்காரன் தலைமையில் கும்பல் தெருவைச் சூறையாடி எல்லோரையும் துரத்தியது. பேரரசர் தலையிட்டார், 1616இல் ஃபெட்மில்ஷின் தலை போயிற்று, யூதர்கள் படைக் காவலோடு திரும்பி வந்தார்கள். அந்த நாளைப் பல தலைமுறை பண்டிகையாகக் கொண்டாடினார்கள். ஆனால் திரும்பி வந்தவர்களுக்குக் கிடைத்த புதிய சட்டத்தில் குடும்பம் 500க்கு மேல் கூடாது, ஆண்டுக்குத் திருமணம் 12க்கு மேல் கூடாது என்று இருந்தது.

வீட்டு எண்ணுக்குப் பதிலாக அங்கே வாசலில் படம் தொங்கும். சிவப்புக் கேடயம் தொங்கிய வீட்டில் ஒரு காலத்தில் குடியிருந்த குடும்பம்தான் ரோத்சைல்டு. "ரோட் ஷில்ட்" என்றால் சிவப்புக் கேடயம். மாயர் அம்ஷெல் 1744இல் இந்தத் தெருவில் பிறந்தபோது குடும்பம் வேறு வீட்டுக்கு மாறியிருந்தது. பின்னால் அவர் வாங்கியது பச்சைக் கேடய வீடு. பிள்ளைகள் லண்டனிலும் பாரிஸிலும் வியன்னாவிலும் மாளிகை கட்டிய பிறகும், அவர் மனைவி கூட்லே 1849இல் சாகும்வரை அந்தக் குறுகிய வீட்டைவிட்டு நகரவில்லை. உலகையே ஆட்டிவைக்கும் குடும்பம் என்று நம் யூடியூபில் ஓடும் காணொளிகள் இந்தக் குறுகிய தெருவைக் காட்டுவதில்லை.

கதவுகளைத் திறந்தது பிரெஞ்சுப் புரட்சி. பிரான்ஸ் 1791இல் யூதர்களைச் சமமான குடிமக்கள் ஆக்கியது. நெப்போலியனின் படை போன இடமெல்லாம் அந்தச் சட்டமும் போயிற்று. 1797 ஜூலையில் வெனிஸ் கெட்டோவின் கதவுகளைப் பிடுங்கிச் சதுக்கத்தில் போட்டு எரித்தார்கள். யூதர்களும் கிறிஸ்தவர்களும், ரப்பிகளும் பாதிரிகளும் சுற்றி நின்று ஆடினார்கள். சில மாதத்தில் ஆஸ்திரியர்கள் வந்தார்கள், கதவு திரும்பவில்லை என்றாலும் முழு உரிமைக்கு 1866வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு 1811இல் உரிமை கொடுத்தார்கள், நெப்போலியன் வீழ்ந்ததும் பறித்தார்கள், 1864இல் முழுதாகக் கொடுத்தார்கள். ரோமில் மதில் 1848இல் இடிந்தது. ஆனால் கட்டுப்பாடுகள் ஒழிந்தது 1870இல், போப்பின் அரசாட்சி முடிந்தபோது.

இங்கேதான் கேள்வியின் மூன்றாவது பகுதி வருகிறது. எழுபது ஆண்டு கழித்து நாஜிகள் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். சொல் ஒன்று, பொருள் வேறு. வெனிஸ் கெட்டோ யூதர்கள் அங்கே தொடர்ந்து வாழ்வதற்கான ஏற்பாடு. இழிவான ஏற்பாடு, ஆனாலும் பகலில் கதவு திறக்கும், ஒப்பந்தம் இருக்கும், பேரன் பேத்தி பிறப்பார்கள். போலந்தில் 1939 அக்டோபரில் பியோத்ர்கூவ் நகரில் முதல் நாஜி கெட்டோ அமைந்தது. கிழக்கு ஐரோப்பாவில் அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வந்தன. வார்சாவில் 1940 நவம்பரில் மதிலை மூடியபோது 3.4 சதுர கிலோமீட்டருக்குள் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர். அரசு கொடுத்த ரேஷன் நாளுக்கு 200 கலோரிக்கும் குறைவு. பசியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் சுமார் 83,000 பேர் செத்தார்கள். 1942 ஜூலை 22 முதல் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 2,65,000 பேரை ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயில் ஏற்றிக் கொன்றார்கள். ரயிலேற்றத் தொடங்கிய மறுநாள், யூத நிர்வாகக் குழுவின் தலைவர் ஆதாம் செர்னியாகூவ் தற்கொலை செய்துகொண்டார். மிஞ்சியவர்கள் 1943 ஏப்ரல் 19இல் கிடைத்த துப்பாக்கிகளோடு எழுந்து ஏறத்தாழ ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள். இதற்கிடையில் இமானுவேல் ரிங்கெல்ப்ளும் என்ற வரலாற்று ஆசிரியரும் நண்பர்களும் ரேஷன் அட்டை, பள்ளிக் கட்டுரை, நாட்குறிப்பு, மிட்டாய்க் காகிதம்வரை சேகரித்துத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைத்துவைத்தார்கள். 1946இலும் 1950இலும் தோண்டி எடுத்தவை நமக்குக் கிடைத்தன.

"இடைக்காலத்தில் திருச்சபை செய்ததைத்தான் நாங்களும் செய்கிறோம்" என்ற தோற்றம் தருவது நாஜிகளுக்கு வசதியாக இருந்தது. ஆகவே இரண்டையும் ஒரே கோட்டில் வைக்கும்போது கவனம் வேண்டும். அதற்காக முன்னதைக் குற்றமில்லாதது என்று விட்டுவிடவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் வேறு கதவுக்குள் வாழ வேண்டியவன் என்று முந்நூறு ஆண்டு பழக்கியதால், அவனை அப்புறப்படுத்தும்போது ஊருக்குப் பெரிதாக உறுத்தவில்லை.

பழைய கெட்டோக்களும் தப்பவில்லை. வெனிஸில் ஜெர்மானியர்கள் வந்ததும் யூதர்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்டார்கள். சமூகத் தலைவராக இருந்த மருத்துவர் ஜுசெப்பே ஜோனா, 1943 செப்டம்பர் 17இல், பட்டியலைக் கொடுக்காமல் உயிரை விட்டார். பலர் தப்பினார்கள், ஆனாலும் சுமார் 250 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். ரோமில் 50 கிலோ தங்கம் கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்று நாஜி அதிகாரி கேட்டான், கொடுத்தார்கள், சில வாரத்தில் அக்டோபர் 16 அதிகாலை வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தார்கள். ஆஷ்விட்ஸ் கொலைமுகாமிலிருந்து திரும்பியவர்கள் 16 பேர்.

அந்தச் சொல் அதற்குள் அட்லாண்டிக் கடந்துவிட்டது. நியூயார்க்கில் யூதக் குடியேறிகளின் தெருக்களைச் சொல்லப் பயன்பட்டு, 20ஆம் நூற்றாண்டில் சிகாகோ போன்ற நகரங்களின் கறுப்பினக் குடியிருப்புகளின் பெயராயிற்று. அங்கே மதில் கட்டவில்லை. "கறுப்பருக்கு விற்கமாட்டேன்" என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார்கள். அந்த வழியில்தான் நம் காதுக்கு அது "சேரி" என்று வந்து சேர்ந்தது.

இனி, மிச்சம் என்ன என்ற கேள்வி. ரோம் கெட்டோவை 1880களில் இடித்துத் தள்ளினார்கள், 1904இல் அங்கே பெரிய தொழுகைக்கூடம் எழுந்தது. இன்று அது சாப்பாட்டுத் தெரு. ஃபிராங்க்ஃபர்ட்டில் 1987இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது யூதர் தெருவின் அடித்தளங்கள் வெளிவந்தன. இடிப்பதா, வைப்பதா என்று பெரிய சண்டை நடந்து, ஐந்து வீட்டின் அடித்தளம் மட்டும் அருங்காட்சியகத்துக்குள் தப்பியது. பிராக் நகரில் 1890களில் தொடங்கி யூதப் பகுதியின் பெரும்பகுதியைச் சுகாதாரம் என்ற பெயரில் இடித்தார்கள். தொழுகைக்கூடங்கள் சிலவும், இடமில்லாமல் பிணத்தின் மேல் பிணமாக அடுக்கிப் புதைத்த கல்லறைத் தோட்டமும் நிற்கின்றன. கட்டடங்களோடு அப்படியே நிற்பது வெனிஸ்தான், ஆனால் அங்கே வாழும் யூதக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

வெனிஸுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால், கன்னரேஜோ கால்வாய்ப் பக்கமிருந்து பழைய கெட்டோவுக்குள் நுழையுங்கள். தாழ்வான நுழைவழியின் கல்லில், எரித்த கதவின் கீல்கள் பொருத்தியிருந்த பள்ளங்கள் தெரியும். கொஞ்சம் உள்ளே போனால் சுவரில் 1704ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. கிறிஸ்தவராக மாறிய யூதர் எவரும் எந்தச் சாக்குச் சொல்லியும் கெட்டோவுக்குள் வரக்கூடாது, யூதர் வீடுகளுக்குப் போகக்கூடாது என்று தடுக்கும் ஆணை. மீறினால் சாட்டையடி, துடுப்புக் கப்பலில் வேலை, சிறை. மாறிப் போன மகன் அம்மாவைப் பார்க்க வருவதைத் தடுக்கக் கல்லில் வெட்டிவைத்த சட்டம் அது. பக்கத்துச் சன்னலில் யாராவது துணி காயப்போட்டிருப்பார்கள்.